மஞ்சள் எழுத்து ஓடாத படங்கள்

ஸ்டார் வார்ஸ் படம் எப்படித் தொடங்கும் என்று கேட்டால், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். நீல எழுத்தில் ஒரு வரி. ஒரு நொடி மௌனம். பிறகு ஜான் வில்லியம்ஸின் எக்காளங்கள் ஒரே வீச்சில் முழங்க, மஞ்சள் எழுத்துகள் திரையின் அடியிலிருந்து கிளம்பி நட்சத்திரங்களை நோக்கி ஏறிப்போகும். 2016 டிசம்பர் 16 அன்று வெளியான ‘ரோக் ஒன்’ இதில் பாதியோடு நிறுத்திக்கொண்டது. நீல வரி வந்தது, மௌனம் வந்தது. மஞ்சள் எழுத்து வரவில்லை. ஒரு கோள், அதைச் சுற்றிய வளையம், இறங்கி வரும் ஒரு விண்கலம், கரிய மண் பரந்த ஒரு பண்ணை. ஐஸ்லாந்தில் எடுத்த காட்சி அது. அந்தப் பண்ணையில் ஒரு குடும்பம் ஒளிந்து வாழ்கிறது. தேடி வந்துவிட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நேரே கதைக்குள் போய்விட்டோம்.

எனக்கு அந்த மஞ்சள் எழுத்து இல்லாதது மிகவும் பிடித்திருந்தது. இது ஸ்கைவாக்கர் வீட்டுக் கதை இல்லை, முந்தின பாகத்தில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம், பேசாமல் உட்கார் என்று படமே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு ஏக்கமாக இருப்பது அந்த ஒரு படத்துக்காக மட்டும் இல்லை; அந்த வகைப் படத்துக்காக. மாபெரும் கதையுலகம் ஒன்றின் ஏதோ ஒரு மூலையில் தொடங்கி, இரண்டேகால் மணி நேரத்தில் அந்த மூலையிலேயே முடிந்துபோகிற படம். கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிற படம்.

2012இல் டிஸ்னி நிறுவனம் ஜார்ஜ் லூகாஸிடமிருந்து லூகாஸ்ஃபில்மை 405 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு போட்ட திட்டம் எளிமையானது. ஓர் ஆண்டு மூலக்கதையின் அடுத்த பாகம், மறு ஆண்டு ஒரு தனிப்படம், மறுபடியும் மூலக்கதை. தனிப்படங்களின் தலைப்புக்குக் கீழே, இது ஒரு ஸ்டார் வார்ஸ் கதை என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். போபா ஃபெட்டுக்கு ஒரு படம், ஓபி-வான் கெனோபிக்கு ஒரு படம் என்றெல்லாம் செய்தி வந்துகொண்டே இருந்தது. வந்து சேர்ந்தவை இரண்டுதான்: 2016இல் ரோக் ஒன், 2018இல் ‘சோலோ’.

ரோக் ஒன்னின் கதைக் கரு ஓர் எழுத்தாளருடையதோ இயக்குநருடையதோ இல்லை. ஜான் நோல் என்கிற விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளருடையது. அண்ணன் தாமஸோடு சேர்ந்து ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய அதே நோல். 1977இல் வந்த முதல் படத்தின் மஞ்சள் எழுத்துகளில் போகிற போக்கில் ஒரு தகவல் வரும்: கலகக்காரர்களின் ஒற்றர்கள் பேரரசின் டெத் ஸ்டார் என்னும் ஆயுதத்தின் வரைபடங்களைத் திருடிவிட்டார்கள் என்று. அந்த வரைபடங்கள் இளவரசி லேயாவின் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்த பிறகுதான் படமே தொடங்குகிறது. திருடியவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு ஒருவரும் பேசுவதில்லை. லூக், லேயா, ஹான் சோலோ என்று கதை தன் நாயகர்களோடு போய்விடுகிறது. நாம் எல்லோரும் படித்துவிட்டுத் தாண்டிப் போன அந்த இடத்தில் நோல் நின்றுவிட்டார்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. பாரதப் போர் தொடங்குவதற்கு முன்னால் அரவானைக் களப்பலி கொடுக்கிறார்கள். பதினெட்டு நாள் போர், அர்ஜுனன் வில், பீமன் சபதம் எல்லாம் அதற்குப் பிறகு. பெரிய கதை அவனைத் தாண்டிப் போய்விடலாம். கூத்தில் அவனுக்கென்று விடிய விடிய ஓர் இரவு உண்டு. ரோக் ஒன் ஹாலிவுட் போட்ட களப்பலிக் கூத்து.

அந்தக் களப்பலியை நடத்த விடுவார்களா என்பதே முதலில் சந்தேகமாக இருந்திருக்கிறது. எல்லோரும் சாக வேண்டும் என்று எழுதியவர்களுக்கு உள்ளூரத் தோன்றியிருக்கிறது. டிஸ்னி ஒப்புக்கொள்ளாது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, நாயகி ஜின் எர்ஸோவும் காசியன் ஆண்டோரும் பிழைப்பதாகத் தொடக்க வரைவில் எழுதியிருக்கிறார்கள். முதல் வரைவை எழுதிய கேரி விட்டா இதைப் பின்னால் சொன்னார். கடைசியில் மேலிடம் சரி என்றது. பொம்மையும் பையும் டீ-ஷர்ட்டும் விற்கிற ஒரு நிறுவனம், தன் நாயகர்கள் அத்தனை பேரையும் கொல்லச் சம்மதித்தது என்பதை இன்று திரும்பிப் பார்க்கும்போது நம்ப முடியவில்லை.

அந்தக் கடைசி நாற்பது நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஸ்காரிஃப் என்னும் கோள். மாலத்தீவின் லாமு பவளத்தீவுக் கூட்டத்தில் எடுத்தது. நம் குமரி முனையிலிருந்து பார்த்தால் பக்கத்துக் கடல். தென்னையும் வெண்மணலும் ஆழமில்லாத பச்சைத் தண்ணீருமாகச் சுற்றுலா விளம்பரம் போல இருக்கிற இடத்தில் ஒரு போரை நடத்திக் காட்டினார் இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ். அவருக்கு அளவுகள் தெரியும். ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு, அதற்குக் கீழே மனிதனை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். நான்கு கால் இயந்திரங்கள் தென்னந்தோப்புக்கு மேலே தலையைத் தூக்கும்போது, ஓடுகிறவர்களின் கால் மட்டத்திலிருந்து அவற்றைப் பார்க்கிறோம்.

சாவுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆலன் டுடிக் குரல் கொடுத்த கே-டூ என்னும் வாயாடி ரோபோ, நண்பர்கள் உள்ளே இருக்கும்படி கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று சுடப்படுகிறது. டானி யென் நடித்த பார்வையற்ற சிர்ரூட், பறக்கும் குண்டுகளுக்கு நடுவே கோலை ஊன்றிக்கொண்டு நடந்துபோய் ஒரு விசையை இழுக்கிறான். அவ்வளவுதான் அவன் வேலை. பேரரசிலிருந்து ஓடிவந்த விமானி போதி ஒரு செய்தியை மேலே அனுப்பிவிடுகிறான். மறு நிமிடம் கையெறி குண்டு உள்ளே விழுகிறது. ஜியாங் வென் நடித்த பேஸ், நண்பனின் உடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாகிறான். இதில் ஒருவர் செய்ததும் தனியாகப் பார்த்தால் பெரிய சாகசம் இல்லை. ஒரு கதவு, ஒரு விசை, ஒரு கம்பி. அடுத்தவன் கைக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும். அதுவரை உயிர் இருந்தால் போதும். கடைசியில் ஜின்னும் காசியனும் கடற்கரையில் உட்கார்ந்திருக்க, அடிவானத்திலிருந்து வெளிச்சம் எழுந்து வருகிறது. அந்த வரைபடம் எந்த ஆயுதத்தினுடையதோ அதே ஆயுதம்தான் அவர்களைச் சுட்டிருக்கிறது. முத்தம்கூட இல்லை. வைத்திருந்தால் படம் கெட்டிருக்கும்.

முதல் பாதியைப் பற்றி எனக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. கோள்விட்டுக் கோள் தாவித் தாவி, எந்த ஊரில் இருக்கிறோம் என்று நிதானிப்பதற்குள் அடுத்த ஊரின் பெயர் திரையில் வந்துவிடுகிறது. 1977 படத்தில் நடித்து, 1994இல் இறந்துபோன பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினியில் செய்து இன்னொரு நடிகரின் உடம்பில் பொருத்தியிருந்தார்கள். அந்த முகம் பேசும்போதெல்லாம் எனக்குக் கதை நின்றுவிடும். நிழலில் நிறுத்திக் குரலை மட்டும் கேட்கவைத்திருக்கலாம். ஆனால் டெத் ஸ்டாரின் ஓட்டை விஷயத்தை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். இவ்வளவு பெரிய ஆயுதத்தை ஒரே குண்டில் தகர்க்கும்படி ஓட்டை விட்டுக் கட்டிய முட்டாள் யார் என்று 39 ஆண்டுகளாக ரசிகர்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். மேட்ஸ் மிக்கெல்சன் நடித்த கேலன் எர்ஸோ என்னும் விஞ்ஞானி அதை வேண்டுமென்றே வைத்தார் என்று இந்தப் படம் பதில் சொன்னது. பழைய படத்தின் பலவீனத்தை ஒரு தகப்பனின் பழிவாங்கலாக மாற்றினார்கள். அதன் பிறகு 1977 படத்தைப் போட்டால், லூக் குண்டு போடும்போது என் மனத்தில் ஓடுவது கேலனின் முகம்.

படம் முடிகிற இடத்தில் வெள்ளை உடையில் ஒரு பெண் திரும்புகிறாள். இளவயது லேயா, அதுவும் கணினி செய்த முகம். முதல் வாரம் பார்த்தவர்களுக்கு அது ஒரு சின்னத் திடுக்கிடல், கொஞ்சம் சந்தோஷம். டிசம்பர் 27 அன்று, லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் இறந்துபோனார். அதற்குப் பிறகு டிக்கெட் வாங்கியவர்கள் அதே சில நொடிகளை அப்படிப் பார்த்திருக்க முடியாது. படம் மாறவில்லை, பதினோரு நாளில் அதன் முடிவு வேறாகிவிட்டது.

ஏக்கத்துக்குள் இன்னோர் ஏக்கமும் இருக்கிறது. ரோக் ஒன்னின் முன்னோட்டங்களில் வந்த பல காட்சிகள் படத்தில் கிடையாது. கோபுர உச்சியின் நடைபாதையில் ஜின் நிற்க, அவளுக்கு நேரெதிரே டை ஃபைட்டர் என்னும் போர்க்கலம் ஒன்று எழும்பி வரும். வரைபடத்தை ஏந்திக்கொண்டு அவளும் காசியனும் கடற்கரையில் ஓடுவார்கள். வெள்ளை அங்கி தண்ணீரில் புரள வில்லன் கிரென்னிக் பிணங்களுக்கு நடுவே நடந்துபோவான். 2016 நடுவில் டோனி கில்ராய் வந்து திரைக்கதையின் பெரும்பகுதியைத் திருத்த, பல காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள். முடிவுப் பகுதி வேறாயிற்று. இசையமைப்பாளரும் மாறினார். அலெக்சாந்தர் தெஸ்ப்லா விலக, மைக்கேல் ஜக்கினோ நாலரை வாரத்தில் முழுப் படத்துக்கும் இசை எழுதினார். நம் கைக்கு வந்தது நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய படங்களின் வில்லன் டார்த் வேடர் இருட்டு நடைவழியில் சிவப்பு வாளை ஏற்றுகிற காட்சியே கடைசி நேரத்தில் சேர்ந்ததுதான். இருந்தாலும் அந்தக் கோபுரத்தில் ஜின் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

சோலோவின் கதை வேறு. அதை விரும்புகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இயக்குநர்கள் ஃபில் லார்டும் கிறிஸ் மில்லரும் படப்பிடிப்பு பெருமளவு முடிந்திருந்த நிலையில் 2017 ஜூனில் நீக்கப்பட்டார்கள். ரான் ஹோவர்ட் வந்து பெரும்பகுதியை மறுபடி எடுத்தார். வில்லனாக முதலில் நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸால் மறுபடப்பிடிப்புக்கு வர முடியவில்லை. அந்த வேடம் பால் பெட்டனிக்குப் போனது. வில்லியம்ஸ் 2021இல் இறந்துவிட்டார். அவர் நடித்த காட்சிகள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றனவோ.

படம் வெளியானது 2018 மே 25. முதல் ஸ்டார் வார்ஸ் வெளியான அதே தேதி, 41 ஆண்டு கழித்து. ஆனால் அதற்கு முந்தைய ‘தி லாஸ்ட் ஜெடை’ ஓடி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றிய சண்டையே ஓயவில்லை. ரோக் ஒன் உலகம் முழுவதும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்திருக்க, சோலோ நாற்பது கோடியைக்கூடத் தொடவில்லை. போட்ட முதல் திரும்பாத ஸ்டார் வார்ஸ் படம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஹான் சோலோவின் துப்பாக்கி, பகடை, விண்கலம், நண்பன், பெயர், எல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒரே படத்தில் விளக்கித் தீர்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறது படம். ஆள் சேர்க்கும் அதிகாரி, உனக்குத்தான் யாரும் இல்லையே என்று சொல்லி, தனியாள் என்ற பொருளில் அவன் பெயரோடு ‘சோலோ’ சேர்த்து எழுதிக்கொள்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். ஆனால் அந்த உலகத்தின் அழுக்கு இந்தப் படத்தில்தான் தெரிந்தது. ஜெடையும் இல்லை, விதியும் இல்லை. கப்பல் கட்டும் சேரி, ரயில் கொள்ளை, சீட்டாட்டம், கடன்காரன். மிம்பான் என்னும் கோளில் சேற்றுக்குள் நடக்கும் அர்த்தமில்லாத பதுங்குகுழிப் போரில் ஹான் ஒரு சாதாரணக் காலாட்படை வீரன். பிராட்ஃபர்ட் யங்கின் ஒளிப்பதிவில் முகங்கள் பாதி இருட்டிலேயே இருக்கும்.

அந்த மிம்பானுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. முதல் படம் ஓடுமா ஓடாதா என்று தெரியாத நாளில், குறைந்த செலவில் இரண்டாம் படம் எடுக்க ஒரு கதை வேண்டும் என்று ஆலன் டீன் ஃபாஸ்டரிடம் லூகாஸ் நாவல் ஒன்று எழுதச் சொன்னார். அது 1978இல் வந்தது. கதை நடக்கும் இடம் மிம்பான். ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் இரண்டாம் படத்துக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கவில்லை என்பதால் அந்த நாவலில் ஹான் சோலோவே கிடையாது. முதல் படம் வசூலைக் கொட்டியதும், சின்னப் படத்தின் தேவை போய்விட்டது. நாற்பது ஆண்டு கழித்து மிம்பான் திரைக்கு வந்தபோது, அந்தச் சேற்றில் நிற்பவன் ஹான். இப்படி ஓரத்தில் போடப்பட்ட கதைகள் இந்த உலகத்துக்கு எப்போதும் இருந்திருக்கின்றன. 1984இலும் 1985இலும் குட்டிக் கரடிகள் போன்ற ஈவாக்குகளை வைத்து இரண்டு தொலைக்காட்சிப் படங்கள் எடுத்தார்கள். குழந்தைகளுக்கானவை, இப்போது பார்க்கப் பொறுமை வேண்டும்.

சோலோவுக்காக நான் ஏங்குவது அதன் கடைசிப் பத்து நிமிடத்தால். எமிலியா கிளார்க் நடித்த கீரா, தன் முதலாளியைக் கொன்றுவிட்டு, ஹானிடம் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னொரு பெரிய முதலாளியைக் கூப்பிடுகிறாள். திரையில் தோன்றுவது 1999இல் வந்த படத்தில் செத்துப்போனதாக நாம் நினைத்த டார்த் மால். அவன் பிழைத்து வந்த அனிமேஷன் தொடரைப் பார்க்காதவர்கள் அரங்கில் விழித்தார்கள். கீரா கப்பலில் ஏறிப் போய்விடுகிறாள். ஹான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறான். அவ்வளவுதான். அவளை அதற்குப் பிறகு திரையில் யாரும் பார்க்கவில்லை. காமிக்ஸில் தொடர்ந்தார்கள் என்பது எனக்கு ஆறுதல் இல்லை. நாயகன் ஆல்டன் ஏரன்ரைக் மூன்று படங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்; ஃபோர்டைப் போல இல்லை என்று அவரைத் திட்டியவர்கள், அவர் இரண்டாம் படத்தில் ஃபோர்டாக முதிர்வதைப் பார்த்திருக்கலாம்.

முடித்துவைத்த படத்துக்குத் தொடர்கதை கிடைத்தது. கதவைத் திறந்து வைத்த படம் திறந்த கதவோடு நிற்கிறது. சோலோ தோற்றதும், அளவுக்கு மிஞ்சி, அவசரப்பட்டுவிட்டோம் என்று அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகர் ஒப்புக்கொண்டார். தனிப்படங்கள் நின்றன. போபா ஃபெட் படம் கைவிடப்பட்டு, அவன் கதை தொலைக்காட்சித் தொடரானது. ஓபி-வான் படம் 2022இல் ஆறு பகுதித் தொடரானது. இரண்டு மணி நேரக் கதையை இழுத்து நீட்டியது அதன் ஒவ்வொரு பகுதியிலும் தெரிந்தது. செத்துப்போன காசியன் ஆண்டோருக்கு 24 பகுதிகள் கிடைத்தன.

அந்த ‘ஆண்டோர்’ தொடர் மிக நல்ல தொடர். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரோக் ஒன்னைத் திருத்த வந்த டோனி கில்ராயே எழுதி நடத்தியது. 2025இல் அது முடிகிற இடம், ரோக் ஒன் தொடங்குவதற்குச் சற்று முன்னால். ஐந்து பருவமாகத் திட்டமிட்டதை இரண்டாகச் சுருக்கி, முடிக்கத் தெரிந்தவர்கள் எடுத்த தொடர் என்பதைக் காட்டினார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ரோக் ஒன்னைப் போட்டால், காசியன் இப்போது எனக்கு நெடுநாள் பழகிய ஆள். அவனுடைய அம்மாவைத் தெரியும், சிறையைத் தெரியும், காதலைத் தெரியும். 2016இல் அவன் முகம் தெரியாத ஒற்றன். முதல் காட்சியிலேயே தன் தகவலாளியை முதுகில் சுட்டவன். அவனை நம்பலாமா என்று தெரியாமல் கடற்கரை வரை அவனோடு போனேன். அந்தத் தெரியாமையை இனி யாராலும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

தனிப்படங்களின் இடத்தைத் தொடர்கள் எடுத்துக்கொண்டன. அதற்கு வேண்டிய கருவிகளைக் கொடுத்தவையும் அந்தப் படங்களே. ரோக் ஒன்னில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர், விமானிகளின் அறைக்கு வெளியே எல்.இ.டி. திரைகளை நிறுத்தி, அதில் ஓடும் காட்சியின் வெளிச்சமே நடிகர்களின் முகத்தில் விழும்படி செய்தார். சோலோவில் ஹானின் விண்கலமான ஃபால்கனின் முன்கண்ணாடிக்கு வெளியே வளைந்த திரையில் விண்வெளியை ஓட்டினார்கள். நடிகர்கள் அதை நிஜமாகவே பார்த்து நடித்தார்கள். அந்தச் சோதனைகள் வளர்ந்து, 2019இல் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரில் ஒரு முழுக் கூடத்தையே சூழ்ந்த திரையாயிற்று. ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் அதே ஃப்ரேசர். தொடரை உருவாக்கியவர் ஜான் ஃபவ்ரூ. சோலோவில் ரயில் கொள்ளையில் செத்துப்போகிற நாலு கை விமானிக்குக் குரல் கொடுத்தவர்.

2025 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ரசிகர் விழாவில், ‘ஸ்டார்ஃபைட்டர்’ என்று ஒரு படத்தை அறிவித்தார்கள். ஷான் லெவி இயக்கம், ரயன் காஸ்லிங் நாயகன், 2027 மே வெளியீடு. பழைய பாத்திரங்களின் தொடர்ச்சி இல்லை, தனிக் கதை என்றார்கள். முதல் நாளே போய்விடுவேன். அதில் எனக்கு வெட்கமில்லை. காஸ்லிங் பிழைக்கட்டும், சாகட்டும். கடைசிக் காட்சியில் இருட்டிலிருந்து எனக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வந்து நிற்காமல் இருந்தால் சரி.